பழைய துரை பங்களாவில் பூட்ஸ் சத்தம்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கெடிலக்கரையான்

என் அக்காள் கணவருக்குக் கடலூருக்கு மாற்றலாகியிருக்கிறது. குடியிருக்க ஒதுக்கியிருப்பது வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா. எந்தத் துறை, எந்தத் தெரு என்று யாரும் கேட்க வேண்டாம். அரசுப் பணியில் இருப்பவர், என்னால் அவருக்குத் தொல்லை வரக்கூடாது. சாவி வாங்கப் போன அன்றே இரவுக் காவலாளி, "ஐயா, மாடியில் மட்டும் படுக்காதீர்கள். இரண்டு மணிக்குமேல் துரை நடப்பார்" என்றாராம். பூட்ஸ் சத்தம் மேற்குக் கோடியில் தொடங்கும், மாடிப்படி வரை வரும், நின்றுவிடும். கீழே இறங்குவதில்லையாம். இதைக் கேட்டதிலிருந்து அக்காள் திருச்சியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

நான் இதை நம்புகிறவனும் இல்லை, அடித்துப் பேசுகிறவனும் இல்லை. ஆனால் அதிகாரிகள் குடியிருந்த மாளிகை எதை எடுத்தாலும் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளை மாளிகையில் ஆபிரகாம் லிங்கன் ஜன்னலோரம் நிற்பதைப் பார்த்ததாக அதிபர் கூலிட்ஜின் மனைவி கிரேஸ் சொன்னதாகப் பேச்சு. 1942இல் அங்கே விருந்தாளியாகத் தங்கிய நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினா, கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தார், எதிரே லிங்கன், அப்படியே மயங்கி விழுந்தார் என்றும் கதை உண்டு. நம் கடலூர், புதுவைப் பக்கம் என்ன கதைகள் இருக்கின்றன? அக்காளுக்கு நான் என்ன சொல்வது?

மஞ்சக்குப்பத்தான்

தம்பி, கடலூரில் துரை ஆவி என்றால் வேறு யார், ராபர்ட் கிளைவ்தான்! மஞ்சக்குப்பத்தில் கார்டன் ஹவுஸ் இருக்கிறதே, பல காலம் கலெக்டர்கள் குடியிருந்த கட்டடம், அது கிளைவ் வாழ்ந்த இடம் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1690இல் இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எங்களுடையது என்று எல்லை போட்டவர்கள் அவர்கள். அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், சோழமண்டலக் கரையில் இங்கிலீஷ்காரருக்கு இதுதான் தலைமையிடம். சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கே ஓடிவந்த இளைஞர்களில் கிளைவும் ஒருவன். பிறகு 1756இல் இதே கோட்டைக்கு ஆளுநராகவே வந்தான்.

அந்த 1746 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படை வந்து ஆளுநரின் தோட்ட வீட்டைப் பிடித்துவிட்டது. சண்டையே இல்லை. நடந்த களைப்பில் ஆயுதங்களை ஓரமாக வைத்துவிட்டு இளைப்பாறினார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் மகன்கள் மாபூஸ்கானும் முகமது அலியும் குதிரைப் படையோடு பாய்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். இத்தனையும் நடந்த மண்ணில் ராத்திரி ஒரு பூட்ஸ் சத்தம்கூடக் கேட்கக் கூடாதா?

புதுவை வாசகி

கேட்கட்டும் ஐயா, ஆனால் யாருடைய பூட்ஸ்? கிளைவ் இறந்தது 1774இல், லண்டனில், தன் வீட்டில். எங்கள் ஊரிலும் இதே கூத்துதான். துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாசைச் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்கள் "டூப்ளே ஆவி உலவுகிறதாமே" என்று கண்ணை விரிக்கிறார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டுக் கப்பல் ஏறினார். 1763இல் பாரீசில், கடனும் வழக்குமாகச் செத்தார். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய மாளிகையை 1761இல் ஊரைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நிற்பது அதன்பிறகு எழுந்த கட்டடம். அந்த ஆவி திரும்பி வந்தாலும் தன் அறை எது என்று வாயில் காவலரிடம்தான் கேட்க வேண்டும். உலவுவதற்கு நியாயம் உள்ளவர் ஒருவர் உண்டென்றால் பிரெஞ்சுத் தளபதி லாலி. கடலூர்க் கோட்டையை 1758இல் பிடித்து இடித்தவர், புதுச்சேரியைப் பறிகொடுத்தவர், அதற்காக 1766இல் சொந்த நாட்டாராலேயே தலை வெட்டப்பட்டவர். அவரும் பாரீசில்தான் செத்தார்.

மஞ்சக்குப்பத்தான்

அம்மா, செத்த இடத்தில்தான் ஆவி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கல்கத்தா அலிப்பூரில் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் வாழ்ந்த வீட்டுக்கு அவர் நான்கு குதிரை பூட்டிய வண்டியில் வந்து இறங்கி, அறை அறையாக எதையோ தேடுகிறார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அவர் செத்தது 1818இல், இங்கிலாந்தில். கப்பல் ஏறும்போது ஒரு கறுப்பு மேசைப்பெட்டி காணாமல் போயிற்று, உள்ளே முக்கியமான காகிதங்கள். 1787இல் கல்கத்தா கெசட்டில் விளம்பரமே கொடுத்துத் தேடினார்கள். பொருள் இருந்த இடத்துக்கு மனம் வரும். கிளைவ் இங்கே எதை விட்டுப் போனானோ!

புதுவை வாசகி

அவன் எதையும் விட்டுப் போகிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போனான்.

டபேதார் மகன்

என் அப்பா டபேதார், அதிகாரியின் வாசலில் நிற்கும் ஊழியர். தென் மாவட்டம் ஒன்றில் பழைய அரசு பங்களாவில் கடைசி வரை வேலை பார்த்தார். சிவப்பு டவாலி, பித்தளை வில்லை, தலைப்பாகை என்று அந்தக் காலத்து உடுப்பு. இரவு முறை வரும்போது பள்ளி விடுமுறையில் நானும் சில நாள் துணைக்குப் போய்ப் பின்கட்டில் படுப்பேன்.

மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் முன்தாழ்வாரத்தில் சுருட்டு வாசனை வரும். நானே முகர்ந்திருக்கிறேன். அப்போது குடியிருந்த அதிகாரி புகைக்காதவர், அப்பாவுக்கு வெற்றிலை மட்டும்தான். வாசனை வந்ததும் அப்பா முக்காலியிலிருந்து எழுந்துவிடுவார். பயந்து அல்ல. எழுந்து, வில்லை நடு மார்பில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, டவாலியை நேராக்கிக்கொண்டு, வாசனை போகும் வரை கையைக் கட்டி நிற்பார். போனதும் மறுபடி உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். பேய் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. "பழைய ஐயா வந்துவிட்டுப் போகிறார்" என்பார், அவ்வளவுதான்.

ஒருமுறை ஓர் அதிகாரியின் தாயார் விடாப்பிடியாக நின்று பூசணிக்காய், எலுமிச்சை, கற்பூரம் என்று பரிகாரம் செய்ய வைத்தார். அந்தச் செலவு கணக்கில் எப்படி ஏறியது தெரியுமா? "தேனீக்கூடு அகற்றிய வகையில்". தணிக்கைக்கு வந்தவர்களும் கேள்வி கேட்கவில்லையாம். பரிகாரத்துக்குப் பிறகும் வாசனை வந்தது.

சில்வர் பீச் சிவா

இரவு பதினொரு மணிக்கு இந்த இழையைத் திறந்தது என் தலையெழுத்து. எங்கள் வீட்டு மாடியிலும் இப்போது ஏதோ நடக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

உங்கள் வீட்டில் நடப்பது எலி, தூங்குங்கள் சிவா. கெடிலக்கரையான் தம்பிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய கட்டடப் பராமரிப்பிலேயே என் காலம் போயிற்று.

நீங்கள் சொல்லும் பங்களா மெட்ராஸ் டெரஸ் தளமாகத்தான் இருக்கும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்குவார்கள். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. நூறு வருஷம் தாங்கும். ஆனால் கட்டை என்பது உயிருள்ளதுபோல் அசைந்துகொண்டேதான் இருக்கும். பகல் முழுக்கக் காய்ந்த தளம் நடு இரவுக்குமேல், கடற்காற்று நின்று தரைக்காற்று திரும்பும் வேளையில் குளிர்கிறது. சுவர்ப் பொந்தில் செருகிய கட்டை முனைகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன, விரலை வரிசையாகச் சொடுக்குகிற மாதிரி. ஒரு கோடியில் தொடங்கி மறு கோடியில் முடியும். கீழே படுத்திருப்பவருக்கு அது நடை. மாடிப்படியில் ஏன் நிற்கிறது என்கிறீர்கள்? படிக்கூண்டின் மேல் பெரும்பாலும் கட்டை வரிசை முடிந்து வேறு சுவர் தொடங்கும், அதனால்.

நீங்கள் குறிப்பிட்ட வெள்ளை மாளிகையே சாட்சி. 1945 ஜூனில் அதிபர் ட்ரூமன் தன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார்: இந்தப் பழைய வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறேன், ஆவிகள் நடைகூடத்தில் மேலும் கீழும் நடப்பதைக் கேட்டபடியே. மறுவருஷம் இன்னொரு கடிதம், விடியற்காலை நான்கு மணிக்குக் கதவு தட்டும் சத்தம், எழுந்து பார்த்தால் யாரும் இல்லை. 1948இல் அவர் மகளுடைய பியானோவின் கால் தளத்தைக் குத்திக்கொண்டு இறங்கியது. பொறியாளர்கள் வந்து பார்த்தால் உத்திரங்கள் வெடித்து, மாடி எந்த நேரமும் விழலாம் என்ற நிலை. குடும்பத்தை வெளியேற்றி, வெளிச்சுவரை மட்டும் நிறுத்தி உள்ளே முழுவதையும் தோண்டியெடுத்துக் கட்டினார்கள். 1952இல்தான் திரும்பக் குடியேறினார். மூன்று வருஷமாக ஆவி நடக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தது தலைக்குமேல் தளம் விரிசல் விடும் சத்தத்தைத்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே தம்பி, பரிகாரத்துக்கு முன்னால் ஓர் ஆளை ஏற்றிக் கட்டை முனைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கறையான் அரித்திருந்தால் பொத்தென்று கேட்கும். அங்கே உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். மச்சில் மூச்சிரைப்பு, சீறல் கேட்டால் அது கூகை. குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் மனிதன் குறட்டை விடுவதாகவே தோன்றும்.

இன்னொன்று. கல்கத்தாவில் வங்காளத் துணைநிலை ஆளுநர்கள் குடியிருந்த பெல்வெடியர் மாளிகையில், தேசிய நூலகம் இருந்த இடம், 2010இல் கதவே இல்லாத அறை ஒன்று இருப்பது தெரிந்தது. சித்திரவதைக் கூடம், புதையல் என்று ஊரே பேசியது. துளைபோட்டுப் பார்த்தால் முழுக்க மண். கட்டடம் தாங்குவதற்காக நிரப்பியது.

நெய்வேலி நிலவன்

ஓவர்சியர் ஐயாவின் விளக்கம் பிடித்திருக்கிறது, ஆனால் முழுதும் ஒப்பவில்லை. பிரேசில் அதிபரின் அல்வோராடா மாளிகை 1958இல் திறந்தது. நீமையர் வடிவமைத்தது, கண்ணாடியும் கான்கிரீட்டும். கட்டையும் இல்லை, கூகையும் இல்லை. 2017இல் அதிபர் டெமர் அங்கே குடிபோன சில நாளில், முதல் இரவிலிருந்தே தூக்கம் வரவில்லை, ஏதோ சரியில்லை என்று மனைவி, குழந்தையோடு பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஆவி இருக்குமோ என்று அவரே சந்தேகப்பட்டார்.

ஜப்பான் பிரதமர் இல்லம் இன்னும் வேடிக்கை. 1929இல் கட்டியது. 1932 மே 15 அன்று கடற்படை இளம் அதிகாரிகள் புகுந்து பிரதமர் இனுகாயைச் சுட்டுக் கொன்றார்கள். 1936 பிப்ரவரிக் கலகத்தில் மறுபடி ரத்தம். 2012 டிசம்பரில் பதவியேற்ற அபே மாதக்கணக்கில் அங்கே குடிபோகவில்லை. ஆவிக்குப் பயந்தா என்று எதிர்க்கட்சி உறுப்பினர் எழுத்து மூலம் கேட்க, 2013 மே மாதத்தில் அமைச்சரவை கூடி "அப்படி எதுவும் அறியோம்" என்று முறையாகப் பதில் கொடுத்தது. 2021இல் கிஷிதா குடிபோன பிறகுதான் வீட்டில் விளக்கு எரிந்தது. இன்னும் எதையும் பார்க்கவில்லை என்றார் அவர்.

என் எண்ணம் இதுதான்: இந்த வீடுகள் யாருக்கும் சொந்தமில்லை. முன்னால் இருந்தவரின் கட்டில், அவர் வைத்த கண்ணாடி, அவர் படம் மாட்டிய ஆணியின் தடம். பதவியோ பறிபோகக் கூடியது. தூக்கம் எப்படி வரும்?

வில்லியனூர் கௌரி

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரே கேள்வி. ஆவி ஏன் எப்போதும் துரையாகவே இருக்கிறது?

1783 ஜூனில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கடலூரை மீட்க இங்கிலீஷ் படை வந்தபோது, அவர்கள் தரப்பில் மட்டுமே ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்தியச் சிப்பாய்கள்! கோட்டைக்கு மண் சுமந்தவர்கள், பல்லக்குத் தூக்கியவர்கள், அம்மையிலும் காலராவிலும் போனவர்கள் கணக்கில்லை. இரவெல்லாம் துரைக்குப் பங்கா என்ற கூரை விசிறியை இழுத்தானே ஒருவன், அந்தக் கயிறு இழுபடும் சத்தத்தை உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? பின்கட்டில், குதிரை லாயத்தில், சமையலறையில் ஆவி இல்லை. இருப்பதெல்லாம் மாடியில், முன்தாழ்வாரத்தில், பெரிய அறையில். செத்த பிறகும் யாரும் தங்கள் எல்லையைத் தாண்டவில்லை.

ராஜஸ்தானில் கோட்டா ஊர் பழைய ரெசிடென்சி மாளிகையில் இங்கிலீஷ் அதிகாரி மேஜர் பர்ட்டனும் இரண்டு மகன்களும் 1857இல் கொல்லப்பட்டார்கள். அவர் ஆவி என்ன செய்கிறதாம்? இரவுக் காவலில் தூங்குகிறவனைக் கன்னத்தில் அறைகிறதாம்! இறந்து நூற்று அறுபது வருஷத்துக்குமேல் ஆகிறது, இன்னும் மேற்பார்வை. கெடிலக்கரையான் அண்ணா சொன்ன காவலாளியையும் யோசித்துப் பாருங்கள். "மாடியில் படுக்காதீர்கள்" என்ற ஒரு வார்த்தையால் மாடி முழுவதும் இரவில் அவருக்கு. குளிர்ந்த தளம், நல்ல காற்று. அதிகாரிக்குக் காவலாளியை மிரட்டவும் காவலாளிக்கு அதிகாரியை மிரட்டவும் ஒரே துரை உதவுகிறார்.

நம் பக்கத்துச் சாவுகள் வேறு வழியில் போயின. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும் கழுவேறிய காத்தவராயனும் கோயில் வாசலில் நிற்கிறார்கள். அநியாயமாய்ச் செத்தவனுக்கு ஊர் கல் நட்டுப் பொங்கல் வைத்தது. பங்களாவுக்குள் அவனுக்கு இடம் கொடுத்ததில்லை.

புதுவை வாசகி

கௌரி, அதே வழியில் போன துரையும் ஒருவர் உண்டு. 1809இல் திருவிதாங்கூர்ச் சண்டையில் காயப்பட்டு இறந்த கேப்டன் போல் என்ற இங்கிலீஷ்காரரை நெல்லைச் சீமையின் மணற்காட்டில் புதைத்தார்கள். அந்தப் பக்கத்து மக்கள் சமாதியில் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள். எங்கோ பிறந்து வெட்டவெளியில் செத்தவன், அவனுக்குப் பிடித்ததை வைத்துச் சாந்தப்படுத்துவோம் என்ற எண்ணம். மாளிகைக்குள் செத்திருந்தால் அவரும் பூட்ஸ் போட்டு நடந்துகொண்டிருப்பார்.

டபேதார் மகன்

கௌரி அம்மா, எங்கள் அப்பா மாடியில் படுப்பதற்காகக் கதை கட்டியவர் அல்ல. அவர் வாழ்நாளில் அந்த மாடியில் ஒருநாளும் படுத்ததில்லை. ஓவர்சியர் ஐயாவிடமும் கேட்கிறேன், கட்டை சுருங்கினால் சத்தம் வரும், சரி. சுருட்டு வாசனை எந்தக் கட்டையிலிருந்து வரும்?

வில்லியனூர் கௌரி

அப்பாவைக் குறை சொல்லவில்லை அண்ணா. நீங்கள் எழுதியதிலேயே என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் எழுந்து வில்லையைத் தடவிப் பார்த்த இடம்தான். வாசனைக்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஆனால் அவர் எழுந்து நின்றதற்கு இருக்கிறது. எத்தனை வருஷம் நின்று பழகிய கால்கள் அவை! யாரும் இல்லாத தாழ்வாரத்திலும் அவரை உட்காரவிடாத அந்த வேலைமீதுதான் எனக்குக் கோபம்.

டபேதார் மகன்

அந்த வேலையில்தான் நாங்கள் நான்கு பேர் படித்தோம். அவருக்கு அது அவமானமாக இருந்ததில்லை. இதற்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

மழை ஓய்ந்தபின் வாசனை என்றால், துரைமார் புகைத்த காலத்துச் சுண்ணாம்புப் பூச்சும் மரத் தட்டியும் ஈரத்தை உறிஞ்சிப் பழைய வாடையை வெளியே விட்டிருக்கலாம். அத்தனை வருஷம் தாங்குமா என்றால் அடித்துச் சொல்ல மாட்டேன். பின்னால் யாராவது சுருட்டுப் பிடித்திருக்கவும் கூடும்.

கெடிலக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. மைத்துனர் ஓர் ஆளை வைத்து மச்சைப் பார்த்துவிட்டார். மேற்குக் கோடியில் மூன்று கட்டை முனைகள் கறையானுக்கு இரையாகியிருக்கின்றன, முட்டுக் கொடுக்க எழுதிப் போட்டிருக்கிறார். குளியலறை மேலே கூகை குடும்பம் நடத்துகிறது, கீழே எலி எலும்பு ஒரு கூடை. காவலாளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அது கூகைதான் ஐயா, துரை வேறு" என்றாராம்.

கௌரி சொன்னதையும் மைத்துனர் விசாரித்தார். மாடியில் காவலாளியின் பாய் இல்லை. கொசுவலையோடு கயிற்றுக் கட்டில் ஒன்று இருந்தது. யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அக்காள் வர ஒப்புக்கொண்டாள். துரையைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே தண்ணீர் உப்பாக இருக்கிறதாம், அதற்கு வழி செய்தால் வருவாளாம்.

டபேதார் மகன்

முட்டுக் கொடுக்கும்போது கூகையைக் கலைக்க வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள் தம்பி. அது போய்விட்டால் எலி கோப்புகளில் வாய் வைக்கும். குஞ்சு பறக்கும் வரை குளியலறைப் பக்கத்து வேலையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குடிதண்ணீருக்கு லாரிக்குச் சொல்லிவைத்தால் காலையில் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள்.